மூன்று விரல் குழி

ஆகஸ்ட் 6, திங்கள்

டயட்டீஷியன் அம்மா ஒரு நோட்டுப் போடச் சொன்னார். எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி, எடை எவ்வளவு, குழாயில் கோளாறு ஏதும் உண்டா. "தினமும் எழுதிடுங்க சார், இல்லன்னா மறந்துடுவீங்க" என்றார். முப்பத்தொரு வருஷம் மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுத்தவனிடம் இதைச் சொல்கிறார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

நோயாளி பவுனம்மாள், வயது 53, என் மனைவி. நாக்கில் புற்றுநோய். ஜூன் மாதம் பாதி நாக்கை எடுத்துவிட்டார்கள். இப்போது கதிர்வீச்சு நடக்கிறது. இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை, 'கரண்ட் வைக்கிறது' என்கிறார்கள். "உங்க வீட்டம்மாவுக்கு இது எத்தனாவது கரண்ட்டு?" என்று வராந்தாவில் ஒருவர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் கரண்ட் என்னை விடவில்லை. மொத்தம் முப்பத்து மூன்று. இன்று ஆறாவது.

வாய் வழியாக ஒன்றும் கூடாது, தண்ணீர்கூட. விழுங்கினால் நுரையீரலுக்குப் போய்விடும். வயிற்றில் ஒரு துளை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். ஊசியில்லாத பெரிய சிரிஞ்சை அதில் செருகி, துணியில் வடிகட்டிய கஞ்சியை மெதுவாக ஊற்ற வேண்டும். ஒரு வேளைக்கு 200 மில்லி, நாளுக்கு ஆறு வேளை. ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் 50 மில்லி வெந்நீர் விட்டுக் குழாயை அலச வேண்டும்.

எடை 43.2. இந்த எண்தான் எல்லாம். கரண்ட் வைக்கும்போது அவள் முகத்துக்கு அளவெடுத்துச் செய்த வலை முகமூடி ஒன்றை மாட்டி மேசையோடு பூட்டுகிறார்கள். முகம் இளைத்தால் முகமூடி தொளதொளத்துவிடும், கரண்டை நிறுத்திவிடுவார்கள். இடையில் நின்றால் நோய் மறுபடி தலையெடுக்கும். நாற்பது கிலோவுக்குக் கீழே போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தங்கியிருப்பது மருத்துவமனைக்குப் பின்தெருவில், ஸ்டெல்லா அம்மாள் வீட்டு மாடியில். ஒரே அறை. ஒரு கதவு, ஒரு ஜன்னல். கேஸ் அடுப்பு வெளியே நடையில் இருக்கிறது.

ஆகஸ்ட் 7, செவ்வாய்

கரண்ட் 7. ஆறு வேளை, 1200 மில்லி. எடை 43.2. கோளாறு இல்லை.

ஆகஸ்ட் 9, வியாழன்

கரண்ட் 9. பவுனுக்குப் பேச்சு வராது. சிலேட்டும் பலப்பமும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இன்று காலை எழுதிக் காட்டினாள்: 'ஏங்க, மதியம் இலை போட்டுச் சோறு வைங்க. பாத்துக்கிட்டே குழாயில ஊத்திக்கிறேன்.'

எனக்குப் புரியவில்லை. "சாப்பிட முடியாத எடத்துல இலை எதுக்கு பவுனு? அதைப் பாத்தா இன்னும் ஏக்கமாத்தான இருக்கும்?" என்றேன். அவள் எழுதியதைத் துடைக்காமல் என் முன்னாலேயே நீட்டிக்கொண்டிருந்தாள்.

என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, குழைய வடித்த சோறு, ரசம், நிறைய நெய், ஒரு அப்பளம் என்று எழுதினாள். பவுனு நெய் தொட மாட்டாள். எனக்கும் நெய் மணம் ஆகாது, இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இருந்தாலும் செய்து வைத்தேன்.

வைத்ததும் கதவைச் சாத்தச் சொன்னாள். குழாயில் ஊற்றுவதை யாரும் பார்க்கக் கூடாதாம், கூச்சமாக இருக்கிறதாம். அவளே ஊற்றிக்கொள்ளப் பழகிவிட்டாள், அதனால் பயமில்லை. இருபது நிமிஷம் வெளியே நின்றேன். நான் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டேன் என்பதால் இலையில் இருந்ததைத் தெரு நாய்க்குப் போட்டேன்.

ஆகஸ்ட் 11, சனி

கரண்ட் இல்லை. இன்று அமாவாசை என்று ஸ்டெல்லா அம்மாள் சொல்லித்தான் தெரிந்தது. எங்கள் வீட்டில் அதெல்லாம் பார்ப்பதில்லை.

மதியம் அதே சோறு, அதே நெய். கதவைத் திறந்து போனபோது இலையில் சோறு கொஞ்சம் குறைந்திருந்தது. நடுவில் ஒரு குழி. கட்டை விரலும் அடுத்த இரண்டு விரலும் சேர்த்துக் கிள்ளி எடுத்த மாதிரி சின்னதாக இருந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வாயில வச்சியா? உண்மையச் சொல்லு" என்று சத்தம் போட்டேன். 'வாயில வைக்கலை. சத்தியமா' என்று எழுதினாள். டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தேன். புண்ணாகத்தான் இருந்தது, ஒரு பருக்கைகூட இல்லை. சத்தம் போட்டதற்கு வருத்தமாக இருந்தது. எலி வந்திருக்கும்.

ஆகஸ்ட் 14, செவ்வாய்

கரண்ட் 12. எடை 42.7.

காலை ஏழு மணிக் கஞ்சி இறங்கவில்லை. குழாய் அடைத்துக்கொண்டது. சிஸ்டரிடம் கூட்டிப் போனேன். வெந்நீர் விட்டு முன்னும் பின்னும் இழுத்து இழுத்துப் பத்து நிமிஷத்தில் சரி செய்தார். சிரிஞ்சுக்குள் இரண்டு மூன்று வெள்ளைத் துணுக்குகள் வந்தன.

"ஐயா, கஞ்சிய வடிகட்டுறீங்களா, அப்படியே ஊத்துறீங்களா?"

"ரெண்டு தடவை துணியில வடிகட்டுறேன் சிஸ்டர்."

"அப்படின்னா இது எங்கேருந்து வந்துச்சு?"

நான் எடுத்த ரீடிங்கை யாரோ சந்தேகப்பட்ட மாதிரி இருந்தது. இனி மூன்று தடவை வடிகட்டப் போகிறேன்.

ஆகஸ்ட் 17, வெள்ளி

கரண்ட் 14. எடை 42.1. வாரத்துக்கு ஒரு கிலோ போனால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். எழுதிப் பார்க்கவில்லை.

மதியம் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். ஸ்டெல்லா அம்மாள் துணி உலர்த்த மாடிக்கு வந்தார். என்னையும் சாத்திய கதவையும் பார்த்துவிட்டு, "யாருக்கு சார் படைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"படையலா? எங்க வீட்டம்மா உள்ள சாப்பிடுறாங்க" என்றேன்.

"அப்படியா? தெனமும் இலை போடுறீங்க, கதவச் சாத்திட்டு வெளிய நிக்கிறீங்க. அப்புறம் தட்டிட்டுத் தொறக்குறீங்க. பக்கத்து வீட்டுல அவங்க மாமியாருக்கு இப்படித்தான் வைப்பாங்க. அதான் கேட்டேன், தப்பா நெனச்சுக்காதீங்க."

அவர் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். முதல் நாள் நான் தட்டவில்லை. அது நன்றாக நினைவிருக்கிறது. எந்த நாளிலிருந்து தட்ட ஆரம்பித்தேன் என்பதுதான் தெரியவில்லை. என் பெண்டாட்டி இருக்கிற அறைக்குள் போக நான் ஏன் தட்டுகிறேன்?

இன்று தட்டாமல் திறக்க வேண்டும் என்று நினைத்தேன். கை தானாகப் போய்த் தட்டியது. இலையின் நடுவில் அதே குழி.

ஆகஸ்ட் 20, திங்கள்

கரண்ட் 15. எடை 41.4. குழாய் இரண்டாவது முறை அடைத்தது, வெந்நீரில் சரியாகிவிட்டது.

குழாய் உள்ளே போகும் இடத்தைச் சுற்றிச் சிவப்பாகச் சதை வளர்ந்திருக்கிறது. ஓரத்தில் கஞ்சி கசிகிறது, தோல் வெந்துபோய்ப் புளிச்ச வாடை அடிக்கிறது. துளை போட்ட இடத்தில் உடம்பு அப்படிச் சதை போடும், மருந்துக் குச்சியால் சுட்டால் அடங்கிவிடும் என்றார் டாக்டர். சுட்டபோது பவுனு என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது.

முகமூடி லேசாக ஆடுகிறது என்று கரண்ட் வைக்கும் பையன்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

எலிப்பொறி வாங்கி வைத்தேன். எலி ஒன்றும் விழவில்லை.

ஆகஸ்ட் 21, செவ்வாய்

கரண்ட் 16.

மதியம் வெளியே நின்றபோது உள்ளே பலப்பம் கீறும் சத்தம் கேட்டது. எழுதுகிறாள், நிறுத்துகிறாள், துணியால் துடைக்கிறாள், மறுபடி எழுதுகிறாள். அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. யாருக்கு எழுதுகிறாள்?

ஐந்து நிமிஷம் முன்னதாகவே திறந்துவிட்டேன். தட்டவில்லை. பவுனு இலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, சிலேட்டை எதிர்ப்பக்கமாகத் திருப்பிப் பிடித்திருந்தாள். அங்கே வெறும் சுவர். என்னைப் பார்த்ததும் புறங்கையால் துடைக்கப் பார்த்தாள், அதற்குள் படித்துவிட்டேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுதிக் காட்டுவது போலப் பெரிய பெரிய எழுத்தில், ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து எழுதியிருந்தாள்.

'இன்னும் கொஞ்சம் சாப்பிடு.'

இலையை எடுத்துக்கொண்டு கீழே போனேன். நாய் மோந்து பார்த்துவிட்டு விலகிப் போய்ப் படுத்துக்கொண்டது.

ஆகஸ்ட் 23, வியாழன்

கரண்ட் 17. எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 24, வெள்ளி

காலையில் பவுனுக்கு உடம்பு கொதித்தது. 102. குழாய் முழுசாக அடைத்துவிட்டது, வெந்நீருக்கும் அசையவில்லை. துளையைச் சுற்றிச் சீழ் வைத்திருந்தது. வார்டில் சேர்த்து, எண்டோஸ்கோபி செய்து, பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார்கள். காய்ச்சல் விடும்வரை கரண்ட் கிடையாது. இரத்தத்தில் மருந்து ஏறுகிறது.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, எடுத்த குழாயை ஒரு தட்டில் காட்டினார். உள்ளே உறைந்த நெய், மசிந்த சோறு, அப்பளத் தூள்.

"இது கஞ்சி இல்லீங்களே ஐயா. யாரு ஊத்துனது? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் கரண்ட்டு முடிப்பேன்னு சொல்ல முடியாது."

"நான் இல்லீங்க" என்றேன்.

சாயந்திரம் அவள் கண் விழித்ததும் கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை. சிலேட்டை வாங்கி மூன்று முறை எழுதி எழுதித் துடைத்தாள். அவள் எழுதியதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

'கோதைக்குத்தான் வச்சேன். படைச்சதை வீட்டு மனுசங்க யாராவது சாப்பிடணும். அப்பதான் வந்தவங்களுக்கு வயிறு நிறையும்.'

'நீங்க தொட மாட்டீங்க. எனக்கு வாய் இல்லை. அதான் தண்ணி விட்டுக் கரைச்சுக் குழாயில தள்ளுனேன்.'

'நான் எடுத்தது இலை ஓரத்துல. நடுக்குழி நான் இல்லை.'

ஆகஸ்ட் 25, சனி

காய்ச்சல் 101. எடை 40.3.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை இனி டயட்டீஷியனிடம் காட்டப் போவதில்லை.

பூங்கோதை எங்கள் மகள். ஒரே பிள்ளை. ஒன்றாம் வகுப்பு. 1997இல் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கம்பவுண்டர், காய்ச்சல் விடும்வரை சோறு கொடுக்காதீர்கள், கஞ்சித் தண்ணீர் மட்டும் போதும் என்றார். ஒருவர் ஒன்றைச் சொன்னால் அதை அச்சுப் பிசகாமல் செய்கிற ஆள் நான். மூன்றாம் நாள் காலையில் நெய் விட்டு ரசம் சோறு வேண்டும் என்றாள். "பசிக்குதுப்பா" என்றாள். பவுனு பிசைந்து எடுத்தும் வந்துவிட்டாள். நான் தட்டைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்தேன். "காச்சல் விடட்டும், அப்பா நானே ஊட்டுறேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். மாசக் கடைசி, ரீடிங் பாக்கி இருந்தது.

திரும்பி வந்தபோது மணி இரண்டரை. தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. பிள்ளை இல்லை.

வருஷம் திரும்பியபோது பவுனு இலை போட்டாள். செத்தவர்கள் சாப்பிட வருவார்களா என்று மேடையில் ஏறிக் கேட்கிற ஆள் நான். இலையைச் சோற்றோடு சுருட்டித் தெருவில் எறிந்தேன். கொள்கை என்று சொன்னேன். கொள்கையெல்லாம் இல்லை. பிள்ளை பசியோடு போனாள் என்று என் வீட்டில் யாரும் எனக்கு ஞாபகப்படுத்தக் கூடாது, அவ்வளவுதான். பவுனு அதற்குப் பிறகு இருபது வருஷம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 26, ஞாயிறு

காய்ச்சல் 99. ஆனால் பவுனு கஞ்சியை ஏற்க மாட்டேன் என்கிறாள். புதுக் குழாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருக்கிறாள். சிஸ்டர் கெஞ்சிப் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். பகல் முழுக்க ஒரு மில்லி இறங்கவில்லை. எடை 39.9.

'ரெண்டு நாளா ரூம் பூட்டிக் கெடக்கு' என்று எழுதினாள். 'அவ வந்து கதவாண்ட நிப்பா. நீங்க போய் வைங்க. நீங்களே சாப்பிடுங்க. அப்புறம் நான் குடிக்கிறேன்.'

மீட்டர் எடுக்கப் போகும்போது வீடு பூட்டியிருந்தால் அட்டையில் 'டோர் லாக்' என்று எழுதிவிட்டு நடையைக் கட்டுவோம். உள்ளே யார் இருந்தார்கள், யார் வந்து நின்றார்கள் என்பதெல்லாம் எங்கள் கவலை இல்லை. அந்த நினைப்பு இன்று முழுக்க என்னை விடவில்லை.

சரி என்றேன். சிலேட்டை என் கையிலிருந்து வாங்கி, இன்னும் ஒரு வரி எழுதினாள். 'அவங்க சாப்பிட்டிருந்தா சோத்துல உப்பு இருக்காதுன்னு எங்கம்மா சொல்லும். பாத்து வந்து சொல்லுங்க.'

என்ன சொல்ல வேண்டும் என்று வார்டிலேயே முடிவு செய்துவிட்டேன். உப்பு இல்லை என்று சொல்லிவிடுவது. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு ரீடிங்கூட நான் பொய்யாக எழுதியதில்லை. இது முதலாவதாக இருக்கட்டும். அவள் கஞ்சி குடிக்க வேண்டும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

ஆகஸ்ட் 27, திங்கள்

காலை மணி 11.40. சோறு, ரசம், அப்பளம் ஆயிற்று. கல் உப்பு ரசத்துக்கு ஒரு கரண்டி, சோற்றுக்கு அரைக் கரண்டி. நெய் விட்டுப் பிசைந்து ருசி பார்த்தேன். உப்பு சரியாக இருந்தது. ஒரு பொடி கூடுதல் என்றுகூடச் சொல்லலாம்.

ஜன்னலை உள்ளே கொக்கி போட்டேன். கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், எலிப்பொறி காலியாக இருந்தது. இலை போட்டு வைத்துவிட்டு வெளியே வந்து கதவைப் பூட்டினேன். சாவி என் சட்டைப் பையில். படியில் ஸ்டெல்லா அம்மாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். இன்று ஒன்றும் கேட்கவில்லை.

இருபது நிமிஷம். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. நல்ல வெயில், நடைத் தரை காலைச் சுட்டது.

12.05க்கு இரண்டு தட்டுத் தட்டினேன். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன். என்னை அறியாமல் வந்துவிட்டது. ஸ்டெல்லா அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார்.

திறந்தேன். ஜன்னல் கொக்கி போட்டபடி இருந்தது. இலையின் நடுவில் மூன்று விரல் குழி. பக்கத்தில் என் விரலை வைத்துப் பார்த்தேன், அந்தக் குழிக்குள் என் விரல்கள் அடங்கவில்லை. அப்பளத்தில் ஒரு ஓரம் ஒடிந்திருந்தது.

உட்கார்ந்தேன். இருபத்தோரு வருஷம் கழித்து நெய்ச் சோற்றை அள்ளி வாயில் வைத்தேன். இரண்டாவது கை, மூன்றாவது கை. குழியைக் கலைக்காமல் சுற்றிச் சுற்றிச் சாப்பிட்டேன். கடைசியில் அதையும் எடுத்தேன். இலையில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. அழுதுகொண்டே சாப்பிட்டேன், கண்ணீர் வாய்க்கும் இறங்கியது.

வார்டுக்குப் போனபோது மணி ஒன்று. பவுனு சிலேட்டைத் தயாராக வைத்திருந்தாள். ஒரே சொல் எழுதியிருந்தது. 'உப்பு?'

இல்லை என்று தலையாட்டினேன். என் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு போர்வையை விலக்கி, குழாயின் மூடியைத் தானே திறந்து என்னிடம் நீட்டினாள். வெந்நீர் 50, கஞ்சி 200, வெந்நீர் 50. முழுவதும் இறங்கியது. அடைப்பு இல்லை, கசிவு இல்லை.

பொய் சொல்லத் தயாராகத்தான் போயிருந்தேன். சொல்ல வேண்டியிருக்கவில்லை.